கொடியேறிய பின் வாங்கிய மீன்

இந்த மண்டபத்து மின்விசிறிக்கு எண்ணெய் விடச் சொல்லிப் போன வருடமே சொன்னேன். முயல் வளர்ப்பவர்களுக்காக நான் இங்கே பேச வந்த நாளில் அது போட்ட கிறீச் சத்தத்தில் பாதிப் பேச்சு யாருக்கும் விளங்கவில்லை. அன்றைக்குக் கதிரைகளில் அரைவாசிகூட நிரம்பவில்லை. இன்றைக்கு யன்னலோரமும் ஆட்கள் நிற்கிறார்கள், சனசமூக நிலையத் தலைவரே தன் கதிரையைப் பிள்ளைத்தாச்சி ஒருத்திக்குக் கொடுத்துவிட்டு நிற்கிறார். எனக்குச் சந்தோசமாக இருக்கிறது என்று சொன்னால் கோபிப்பீர்கள். ஆனாலும் உண்மையைச் சொல்லச் சொல்லித்தானே கூப்பிட்டிருக்கிறீர்கள்.

என்னை எல்லோருக்கும் தெரியும், இருந்தாலும் முறைப்படி சொல்கிறேன். என் பெயர் குணலட்சுமி. கொக்குவிலில் இந்த ஒழுங்கையின் நடுவீடு என்னுடையது. ஓய்வு பெறும்வரை கூட்டுறவுச் சங்கக் கடையில் அரிசியும் பருப்பும் நிறுத்துக் கொடுத்தேன். நீங்கள் எல்லோரும் என் கையால் அரிசி வாங்கியவர்கள்தான். தராசு முள்ளைப் பார்த்தீர்களே தவிர, நிறுத்தவள் முகத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. அதில் குறையொன்றுமில்லை, நானும் தராசு முள்ளைத்தான் பார்த்தேன். முன்வரிசையில் தலை குனிந்து இருப்பவர் என் கணவர் தம்பிராசா. முழங்கால் வருத்தக்காரர், அவரை நிற்கவைத்துக் கேள்வி கேட்காதீர்கள்.

கொரோனாக் காலத்தில் பள்ளிக்கூடங்கள் பூட்டியபோது எங்கள் ஒழுங்கையில் முயல் வளர்க்கும் ஆசை பரவியதே, நினைவிருக்கிறதா. ஒரு வீட்டில் வாங்க, அடுத்த வீட்டுப் பிள்ளை அழ, அங்கும் வாங்க, கடைசியில் முயல் இல்லாத வீடு எங்களுடையது மட்டும்தான். எனக்கு முயலில் தனிப்பட்ட விருப்பமும் இல்லை, வெறுப்பும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் பிராணிகளை வெறுப்பவள் என்று யாரோ முகநூலில் எழுதியிருக்கிறார்கள். அது பொய்.

எங்கள் வீட்டின் ஒரு பக்கத்து மதிலுக்கு அப்பால் இருக்கும் மார்கிரட் ரீச்சர்தான் முதலில் கூப்பிட்டவர். மூன்று வருடத்துக்கு முந்திய ஒரு சித்திரை வெயில். மதிலுக்கு மேலால் தலை நீட்டி, "குணம், ஒருக்கா ஓடி வாரும். ரோசாவுக்கு என்னவோ செய்யுது, எனக்குத் தொடப் பயமாக் கிடக்கு" என்றார்.

ரோசா அவருடைய சாம்பல் நிற முயல். கூட்டின் மூலையில் குந்திக்கொண்டிருந்தது. நான் அதைத் தூக்கி வாலை உயர்த்திப் பார்த்தேன். பின்பக்கத்து மயிரெல்லாம் கழிச்சலில் தோய்ந்து, அதற்குள்ளே அரிசி அசைந்தது. அரிசியில்லை, புழு. பச்சை இலையான் முட்டையிட்டுப் பொரித்த புழுக்கள், தோலைத் துளைத்து உள்ளே போய்க்கொண்டிருந்தன. ரீச்சர் கண்ணை மூடிக்கொண்டு செபம் சொல்லத் தொடங்கிவிட்டார். எனக்கு ஒரு அருவருப்பும் வரவில்லை. கூப்பன் அரிசியில் வண்டும் புழுவும் பொறுக்கிப் பழகிய கை என்னுடையது. ரீச்சரின் புருவமயிர் பிடுங்கும் சாவணத்தை வாங்கி, வெந்நீரில் கழுவி, ஒவ்வொன்றாக எடுத்தேன். கத்தரிக்கோலால் அழுக்கு மயிரை வெட்டினேன். பிறகு துவாயில் சுற்றிக்கொண்டு, ஓட்டோவில் மிருக வைத்தியர் மதுராவிடம் போனோம்.

மதுரா இளம்பிள்ளை, ஆனால் கெட்டிக்காரி. ரோசாவைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல வேளை அன்ரி, நீங்கள் இதைத் தண்ணிக்குள்ளை தோய்க்கேல்லை. ஈர மயிரை வெட்டவும் ஏலாது, இலையானும் திரும்ப வந்திடும்" என்றாள். "கைக்கெட்டினதைப் பொறுக்கிப்போட்டு உடனை கொண்டந்தியள் பாருங்கோ, அதாலைதான் தப்பினது. இன்னும் அரை நாள் போயிருந்தால் என்னாலை ஒண்டும் செய்திருக்க ஏலாது."

இன்னும் அரை நாள் போயிருந்தால். அந்த வசனத்தை நான் ஓட்டோவில் வரும்போது எத்தனை தரம் எனக்குள் சொல்லிப் பார்த்தேன் தெரியுமா. ஒழுங்கை முகப்பில் பிள்ளைகள் கூடி நின்றார்கள். நான் ரோசாவைத் தூக்கிக்கொண்டு இறங்கியதும் கை தட்டினார்கள். ரீச்சர் எல்லோருக்கும் முன்னால் என்னைக் கட்டிப்பிடித்தார். வீட்டுக்கு வந்து தேத்தண்ணி ஊற்றினேன், சீனி போட மறந்துபோய்க் குடித்தேன், அதுகூட இனித்தது. குசினிக்குள் நான் ஒரு சுற்றுச் சுற்றி ஆடியதை என் கணவர் கண்டுவிட்டார். "என்னப்பா, கால் வழுக்கினதோ" என்று கேட்டார்.

அந்தக் கோடையில் இன்னும் மூன்று வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். அவை தாமாக வந்தவை, அவற்றுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமுமில்லை. ஒவ்வொரு தரமும் யாராவது என் படலையடிக்கு மூச்சு வாங்க ஓடி வருவார்கள். "அன்ரி, கெதியா வாங்கோ." அந்தச் சத்தம் கேட்டதும் என் நெஞ்சுக்குள் யாரோ தவில் அடிக்கத் தொடங்கிவிடுவார்கள். நான் சொந்தமாகச் சாவணம் வாங்கினேன், இரண்டு. நல்ல கத்தரிக்கோல் ஒன்றும், வெள்ளைத் துவாய்களும் ஒரு கூடையில் அடுக்கி வைத்தேன். மதுராகூடப் பகிடியாக என்னை முயல் டொக்டர் என்றாள். அந்தப் பெயர் ஒழுங்கையில் நிலைத்துவிட்டது. கடைக்குப் போனால், "முயல் டொக்டர் அன்ரிக்கு முதல் குடு" என்பார்கள். என் ஐம்பத்தெட்டாவது வயதில் எனக்குச் சிறகு முளைத்தது.

பிறகு நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். இந்த மண்டபத்தில் நின்று, இலையான் வராமல் தடுப்பது எப்படி என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

நன்றாகத்தான் சொன்னேன். பழம் கொடுக்காதீர்கள், புல்லும் முள்முருக்கம் இலையும் போதும், பழம் தின்றால் கழிச்சல் போகும், கழிச்சல் ஒட்டினால் இலையான் வரும். கொழுக்க விடாதீர்கள், கொழுத்த முயலால் திரும்பித் தன் பின்பக்கத்தை நக்கித் துப்புரவாக்க முடியாது. கூட்டுக்குள் நனைந்த வைக்கோலை அன்றன்றே மாற்றுங்கள். கூட்டைச் சுற்றி நுளம்பு வலை அடியுங்கள். நாய்க்குப் பூசும் தெள்ளு மருந்தை முயலுக்குப் பூசினால் செத்துப்போகும். எல்லாவற்றிலும் முக்கியம், காலையும் பின்னேரமும் வாலைத் தூக்கிப் பாருங்கள்.

நீங்கள் அரைவாசிப் பேர்தான் வந்தீர்கள், ஆனால் வந்தவர்கள் வராதவர்களுக்கும் சொல்லிவிட்டீர்கள். யாழ்ப்பாணத்தார் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார்கள். அடுத்த கிழமையே ஒழுங்கை முழுவதும் வலை. பழக்கழிவெல்லாம் மாட்டுக்குப் போனது. காலையில் பல்லுத் தீட்டிக்கொண்டே ஆண்களும் பெண்களும் முயலின் வாலைத் தூக்கிப் பார்த்தார்கள். வைகாசி வந்தது, ஆனி வந்தது, வெயில் எரித்தது, இலையான் பறந்தது, என் படலைக்கு ஒருவரும் ஓடிவரவில்லை.

இதில் எல்லோரையும்விடக் கெட்டிக்காரி எங்கள் மற்றப் பக்கத்து வீட்டு ஆரணி. பிரதீபாவின் ஒரே மகள், ஏழாம் வகுப்பு. அவளுடைய வெள்ளை முயலுக்குப் பெயர் புட்டு. தகப்பன் கட்டாரில் இருந்து அனுப்பிய பிறந்தநாள் பரிசு அது, அவர் வருவதற்குள் அது இன்னும் அழகாக இருக்கவேண்டும் என்று அவளுக்கு ஆசை. புட்டுவின் கூடு எங்கள் மதிலோடு ஒட்டித்தான் இருந்தது. ஒவ்வொரு நாளும் இரண்டு தரம் அவள் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து எனக்குச் செய்தி சொல்வாள்.

"அன்ரி, புட்டு கிளீன்."

முதலில் அதைக் கேட்கப் பெருமையாக இருந்தது. பிறகு அவள் குரல் கேட்கும்போதெல்லாம் என் கை தானாகக் கூடைப்பக்கம் போய்த் திரும்பி வரத் தொடங்கியது. "அன்ரி, இண்டைக்கும் கிளீன்." நல்லது பிள்ளை என்பேன். கூடைக்குள் துவாய்கள் மடிப்புக் கலையாமல் கிடந்தன. கடைக்காரப் பெடியன் என்னை வரிசையில் நிற்கச் சொன்னான். உங்களுக்கு இது சின்ன விசயமாக இருக்கலாம். ஒருவர் நன்றாகப் பாடுவார் என்றால் ஊர் அவரைப் பாடக் கூப்பிடவேண்டும், இல்லாவிட்டால் அவருக்குத் தொண்டை நோகும். எனக்கு அப்படித்தான் இருந்தது.

அதனால் நான் ரோசாவுக்குக் கொஞ்சம் பப்பாப்பழம் கொடுத்தேன்.

அவ்வளவுதான். ஒரு துண்டு பழம். ரோசா என்ன ஆசையாகத் தின்றது என்று நீங்கள் பார்த்திருக்கவேண்டும். அடுத்த நாளும் கொடுத்தேன், அதற்கு அடுத்த நாளும். வலையின் ஒரு மூலையைக் கொஞ்சம் நெகிழ்த்திவிட்டேன், பாவம், காற்று வரட்டுமே என்று. ரீச்சர் கண் மங்கியவர், வாலைத் தூக்கினாலும் அவருக்குத் தெரியாது. அந்த வெள்ளிக்கிழமை மதிலுக்கு மேலால் அவர் தலை தெரிந்தது. "குணம், கடவுளே, திரும்பவும் வந்திட்டுது."

நான் எப்படி ஓடினேன். என் செருப்பு ஒன்று வழியில் கழன்று விழுந்தது, எடுக்கவில்லை. அன்று ரோசாவில் இருந்த கடைசிப் புழுவரை எடுத்தேன், ஒன்றைக்கூட விடவில்லை. இதைவிட அக்கறையாக இந்தத் தீவில் யாரும் ஒரு முயலைப் பார்த்திருக்க மாட்டார்கள். ரோசா தப்பியது, ரீச்சர் எனக்குக் கேக் அனுப்பினார்.

இனி ஒன்றையும் மறைக்கவில்லை. ரோசாவுக்கு இரண்டு தரம். மூலைவீட்டுச் சோடி முயல்களுக்கு ஒவ்வொரு தரம். அதில் ஒன்று செத்தது, அது கிழட்டு முயல், எப்படியும் அந்த மாரியைத் தாண்டியிராது. நான் உண்மையாகவே அழுதேன். அந்த வீட்டுக்காரர்தான் என் முதுகைத் தடவி, "நீங்கள் உங்களாலை ஏலுமானதைச் செய்தனீங்கள்" என்று ஆறுதல் சொன்னார். அவர் சொன்னது சரி, நான் என்னால் ஏலுமானதெல்லாம் செய்தேன்.

ஆனால் ஆரணியின் புட்டுவை ஒன்றும் செய்ய முடியவில்லை. அது பழத்தை மணந்து பார்த்துவிட்டு அப்பால் போய்விடும். அவள் அப்படிப் பழக்கியிருந்தாள். பின்பக்கம் எப்போதும் கழுவி வெயிலில் போட்ட வேட்டியாக வெளுத்திருக்கும். "அன்ரி, புட்டு கிளீன்." அவள் என்னைக் கூப்பிடவே போவதில்லை என்று எனக்கு விளங்கியது. எல்லா வீட்டிலும் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள், ஆரணி வீட்டில் மட்டும் ஒருதரமும் இல்லை. அது எனக்கு முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

இந்த ஆவணியில் நல்லூர்க் கந்தன் கோயிலில் திருவிழாக் கொடியேறியது. கொடியேறினால் எங்கள் ஒழுங்கை எப்படி மாறும் என்று வெளியாருக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். வீடு கழுவி, முற்றம் கூட்டி, கழிவுநீர்க் கானெல்லாம் தண்ணீர் அடித்து, மீன் சட்டியைக் கவிழ்த்துப் பரணில் போட்டால் கடைசி நாள் பூங்காவனத் திருவிழா முடியும்வரை அது இறங்காது. மீன்காரர் சைக்கிளில் இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார். மார்கிரட் ரீச்சர் வேதக்காரர், அவருக்கு விரதமில்லை, ஆனாலும் அயலாரின் மனம் நோகக்கூடாது என்று அவர் வீட்டிலும் கத்தரிக்காயும் பருப்பும்தான். பூனைகள் எலும்பும் தோலுமாகத் திரிந்தன. மீன் செதிலும் இல்லை, குடலும் இல்லை, இலையான்கூட விரதம் பிடித்தமாதிரிக் குறைந்துவிட்டது. எனக்கு வேறு வழி இருக்கவில்லை. இலையானைக் கூப்பிட ஒரு மணம் வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் வாங்கினால் யாராவது காண்பார்கள். ஆகவே பருத்தித்துறைக்குப் பஸ் எடுத்தேன். அந்தப் பயணத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஓய்வு பெற்ற பிறகு நான் தனியாக அவ்வளவு தூரம் போனதே இல்லை. யன்னலோர இருக்கை, கடல் காற்று, பள்ளிக்கூடத்துக்கு ஒளித்துப் படம் பார்க்கப் போகும் பிள்ளையின் மனநிலை. மீன் சந்தையில் ஒரு அம்மா சூடை மீன் குவித்து வைத்திருந்தார்.

"எவ்வளவு அம்மா போடட்டும்?"

"நிறைய வேண்டாம். பழசு இருந்தாலும் பரவாயில்லை" என்றேன்.

அவர் என் நெற்றித் திருநீற்றைப் பார்த்தார். "நல்லூர்ப் பக்கத்து ஆளோ? கொடியேறிட்டுதெல்லே?"

"பூனைக்கு" என்றேன்.

"பூனை குடுத்து வைச்சது" என்று சொல்லி மூன்று பைக்குள் சுற்றித் தந்தார். திரும்பி வரும்போது நெல்லியடியில் ஏறி எனக்குப் பக்கத்தில் இருந்த ஐயா, அடுத்த தரிப்பிலேயே எழும்பி முன்னால் போய் நின்றுகொண்டார். நான் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தேன்.

நான் அந்த மீனில் ஒரு செதிலைக்கூட வாயில் வைக்கவில்லை. இதை நீங்கள் கட்டாயம் விளங்கிக்கொள்ளவேண்டும். என் விரதம் முறியவில்லை. மீனைக் கழுவி, கழுவிய தண்ணீரை ஒரு பேணியில் எடுத்து, வெயிலில் வைத்துப் புளிக்கவிட்டு, மிச்சத்தை வாழையடியில் கிடங்கு வெட்டித் தாட்டுவிட்டுத் தலைமுழுகினேன். என் கணவர், "என்ன மணம் இது" என்றார். கான் அடைத்திருக்கு என்றேன்.

தேருக்கு முதல்நாள், சப்பறத்தன்று மத்தியானம் ஆரணி ரியூசனுக்குப் போயிருந்தாள். பிரதீபா உள்ளே பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தாள். புட்டுவின் கூட்டு மூடியை எங்கள் பக்கத்திலிருந்து கை நீட்டித் திறக்கலாம். புட்டு என்னைக் கண்டு பயப்படவில்லை, என் விரலை நக்கியது. பேணித் தண்ணீரில் பஞ்சைத் தோய்த்து, அதன் பின்பக்கத்தை நன்றாக நனைத்தேன். வலையின் மூலையைக் கழற்றினேன். நான் கையை எடுப்பதற்குள் முதலாவது பச்சை இலையான் வந்து உட்கார்ந்தது. எவ்வளவு வடிவான நிறம் அது, மூக்குத்திக் கல் தோற்றுப்போகும்.

என் திட்டத்தில் ஒரு கெடுதலும் இல்லை. பின்னேரம் ஆரணி வந்து வாலைத் தூக்குவாள். மஞ்சள் முட்டைகளைக் காண்பாள். "அன்ரி" என்று கத்துவாள். முட்டையாக இருக்கும்போதே நான் எல்லாவற்றையும் சீவி எடுத்துவிடுவேன். புட்டுவுக்கு ஒரு கீறலும் விழாது. ஆரணி என்னைக் கட்டிப்பிடிப்பாள், தகப்பனுக்குப் போனில் என்னைப் பற்றிச் சொல்வாள். இதில் யாருக்கு என்ன நட்டம், சொல்லுங்கள்.

ஆனால் பிரதீபாவின் தமக்கை நல்லூரிலிருந்து போன் எடுத்துவிட்டார். பிரதீபாவுக்கு இந்த வருடம் தேருக்குப் பின்னால் அடிக்கு அடி விழுந்து கும்பிட்டு அடியழிக்கும் நேர்த்தி இருந்தது. விடியக் கொக்குவிலில் இருந்து வெளிக்கிட்டால் சனத்துக்குள் மாட்டுப்படுவீர்கள், இரவே வந்து இங்கே தங்குங்கள் என்று சொல்லியிருக்கிறார். ரியூசன் முடிந்து வந்த ஆரணி, கூட்டுக்குள் கட்டுப்புல்லைப் போட்டுத் தண்ணீர்ப் போத்தலை நிரப்பிவிட்டு, மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். புதுப் பாவாடை சட்டை, தலையில் மல்லிகை.

"அன்ரி, நாங்கள் பெரியம்மா வீட்டை போறம். தேர் முடிய நாளைக்குப் பின்னேரம்தான் வருவம்."

"புட்டுவைப் பாத்தனியோ?" என்று கேட்டேன்.

"காலமை பாத்தனான், கிளீன். இப்ப நேரமில்லை, அம்மா கத்துறா."

நான் மதிலடியில் நின்றேன். ஒரு வசனத்துக்காகத்தான் நின்றேன். நீங்கள் ஒருக்கா பாத்துக்கொள்ளுங்கோ அன்ரி. அவள் அதைச் சொல்லவில்லை. ஓடிப்போய்விட்டாள்.

தேரன்று நாங்கள் வீட்டில் இருந்தோம். அவருக்கு முழங்கால், நான் துணை. வானொலியில் தேர் வர்ணனை கேட்டோம். சர்க்கரைப் பொங்கல் செய்தேன். மற்றபடி சொல்வதற்கு ஒன்றுமில்லை.

பின்னேரம் அவர்கள் வந்தார்கள். படலை திறக்கும் சத்தம், ஆரணி புட்டு என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடும் சத்தம், பிறகு அவள் போட்ட கூக்குரல். நான் ஏற்கெனவே கூடையைத் தூக்கிக்கொண்டு படலையடியில் நின்றேன், நல்ல சேலை கட்டியிருந்தேன். ஒரு ஓட்டோ வந்தது. பிரதீபா துவாயில் சுற்றிய முயலோடு ஏறினாள், ஆரணி ஏறினாள், ஓட்டோ என் படலையைத் தாண்டிப் போய்விட்டது. மதுரா பார்த்துவிட்டு, இனி ஏலாது என்று, ஊசி போட்டு நித்திரையாக்கினாளாம். பின்பக்கத்துத் தசை எலும்புவரை போயிருந்ததாம்.

அந்தப் பிள்ளை மதுராவுக்கு மூக்கிலும் கெட்டித்தனம். மயிரை வெட்டும்போதே, "இது ஏன் மீன் மணக்குது?" என்று கேட்டிருக்கிறாள். அடுத்த நாள் காலை ஒழுங்கை முழுவதும் அதே கேள்வி. கொடியேறின பிறகு இந்த ஒழுங்கையில் யார் வீட்டில் மீன். எல்லோருடைய கண்ணும் மார்கிரட் ரீச்சர் வீட்டுப் பக்கம் திரும்பியது. ரீச்சர் வாசலில் நின்று, "நான் ஒரு கருவாட்டுத் துண்டுகூட வாங்கேல்லை, மாதா மேலை ஆணை" என்று அழுதார். நானும் அந்தக் கூட்டத்தில் நின்றேன். என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை, கேளாமல் கதைப்பது என் பழக்கமில்லை.

என்னைக் காட்டிக் கொடுத்தவை பூனைகள். அவற்றை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. இத்தனை நாள் பட்டினி கிடந்த ஒழுங்கைப் பூனைகள் எல்லாம் எங்கள் வாழையடியில் மாநாடு கூடியிருக்கின்றன. தோண்டி, கிளறி, சண்டை பிடித்து, கடைசியில் ஒரு கடுவன் பூனை முழுச் சூடை மீனைக் கவ்விக்கொண்டு எங்கள் படலைக்குக் கீழால் வெளியே வந்தது. தீர்த்தம் முடித்துத் திருநீறும் சந்தனமுமாகத் திரும்பி வந்த சனத்துக்கு நடுவில், ஒழுங்கையின் நட்ட நடுவில், அதை வைத்துத் தின்னத் தொடங்கியது. எல்லோரும் விலகி நின்று பார்த்தார்கள். எனக்கு வயிற்றுக்குள் சிரிப்புப் பொங்கிக்கொண்டு வந்தது, கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அப்போதுதான் என் கணவர், முப்பது வருடத்தில் முதல்தரமாக ஊருக்குக் கேட்கக் கதைத்தார்.

"குணம், உது எங்கடை வாழையடியிலையிருந்தெல்லே வருது."

ஆகவே நான் இங்கே நிற்கிறேன். இவ்வளவும் சொல்லி முடித்தேன். மூன்று முயலுக்குப் பழம் கொடுத்தேன், ஒரு முயலுக்கு மீன்தண்ணீர் பூசினேன், ரீச்சர்மேல் பழி விழுந்தபோது பேசாமல் நின்றேன். ரீச்சரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். போதும் என்று நினைத்து உட்காரப் போனேன். ஆனால் ஆரணி கையை உயர்த்துகிறாள். கேள் பிள்ளை.

"அன்ரி, தேரண்டு நீங்கள் வீட்டிலைதானே நிண்டனீங்கள். புட்டு தட்டினது உங்களுக்குக் கேட்டதோ?"

ஓம், கேட்டது.

முயல் நோவில் பின்காலால் பலகையைத் தட்டும். தேரன்று விடியற்காலையிலேயே புட்டு தட்டத் தொடங்கிவிட்டது. வானொலியில் தேர் இருப்பிடத்தை விட்டு அசைந்தபோதும் கேட்டது. என் கணவர்கூட, "குணம், உந்த முயலுக்கு என்னவோ செய்யுது, ஒருக்கா எட்டிப் பாரன்" என்றார். கேளுங்கள், அவர் இதற்கு மறுப்புச் சொல்லமாட்டார். மதில் என் நெஞ்சளவு உயரம்தான். முட்டை எல்லாம் புழுவாகிவிட்டது என்று எனக்குத் தெரியும், எந்த நேரத்தில் தோலுக்குள் போகும் என்றும் தெரியும், மதுராவின் அரை நாள் எப்போது முடியும் என்றும் தெரியும். சாவணத்தை அவித்து வைத்திருந்தேன். தண்ணீர் ஆற ஆற மறுபடி சுட வைத்தேன். துவாயை விரித்து வைத்தேன். கூப்பிடும் குரல் வந்தால் அந்தக் கணமே பாயத் தயாராகத்தான் இருந்தேன். மத்தியானத்துக்குப் பிறகு தட்டுவது குறைந்தது. அப்போதும் நான் மதிலடியில்தான் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தேன். அவரிடம் சொன்னேன், "சொல்லாத வீட்டு விசயத்திலை நாங்கள் எப்பிடித் தலையிடுறது."

நீ அழாதே பிள்ளை. எல்லோரும் ஏன் இப்படி என்னைப் பார்க்கிறீர்கள் என்று விளங்கவில்லை. இந்த ஒழுங்கையில் யார் வீட்டு முயலுக்கென்றாலும் சாப்பாட்டுக் கையைக் கழுவாமல் ஓடி வந்தவள் நான். அந்த ஓட்டோ என் படலையைத் தாண்டும்போது, நான் கூடையோடு நிற்பது தெரிந்தும், நீ என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்கு மட்டும் என்னிடம் ஒரு மன்னிப்புக் கேட்டுவிடு ஆரணி, மற்றதையெல்லாம் நான் மறந்துவிடுகிறேன்.